உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காட்டுப் போன் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் வரை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், வடக்கே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. லினக்ஸுக்கும் இந்த மீனவக் குப்பங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், படகேறும் ஆளின் சட்டைப் பையைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அங்கே இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ்தான். அதற்குள் ஒரு மென்பொருள் எப்படி நுழைகிறது? அது அசல்தான் என்று யார் உறுதி சொல்வது? வேண்டாமென்றால் மிச்சம் மீதி இல்லாமல் எப்படி வெளியேற்றுவது? குப்பத்தில் தொடங்கி உலகம் சுற்றி வரும் துணுக்குகள் இதோ.

பைக்குள் ஒரு லினக்ஸ்

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். செயலியை ஏற்றுவது, புதுப்பிப்பது, நீக்குவது எல்லாம் 'பேக்கேஜ் மேனேஜர்' என்ற பகுதியின் பொறுப்பு. நாம் ஏபிகே என்று சொல்லும் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். பெயரின் கடைசியில் இருக்கும் ஏபிகேயை ஜிப் என்று மாற்றிக் கணினியில் திறந்து பாருங்கள். படங்கள், நிரல், 'மேனிஃபெஸ்ட்' என்ற விவரக்கோப்பு எல்லாம் உள்ளே தனித்தனியாக இருக்கும். செயலியின் பெயர், பதிப்பு, கேமரா வேண்டுமா, இருப்பிடம் தெரியவேண்டுமா என்பதையெல்லாம் போன் தெரிந்துகொள்வது அந்த மேனிஃபெஸ்ட்டைப் படித்துத்தான்.

மீனவர் செயலிக்கு ஒரு பூட்டு

சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கடலோர மீனவர்களுக்காகக் கொண்டுவந்த செயலி 'ஃபிஷர் ஃப்ரெண்ட்'. காற்று, அலை உயரம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம், சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை என எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். இதுபோன்ற எந்த ஆண்ட்ராய்டு செயலிக்கும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். அடுத்த பதிப்பும் அதே கையொப்பத்துடன் வந்தால்தான் பழையதன் மேல் உட்காரும். 'புது வெர்ஷன்' என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகேயைத் தட்டும்போது, பேக்கேஜ் பெயர் ஒன்றாக இருந்தும் கையொப்பம் பொருந்தாவிட்டால் 'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்று போன் கைவிரித்துவிடும். அப்போது, 'பழசை நீக்கிட்டுப் போடுங்க' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பேக்கேஜ் பெயரையே மாற்றிக்கொண்டு வரும் போலிக்கு இந்தப் பூட்டு தடையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ராக்கெட் கிளம்பும் தீவு

ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. 2022 நவம்பர் 26 அன்று அங்கிருந்து பிஎஸ்எல்வி-சி54 சுமந்து சென்ற இஓஎஸ்-06, ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள். கடல்நீரின் நிறத்தைப் படிக்கிற கருவி அதில் இருக்கிறது. நீரில் பச்சையம் கூடியிருந்தால் அங்கே மிதவை உயிரிகள் அதிகம். அவற்றைத் தேடி மீன் வரும். இப்படிப்பட்ட தரவுகளையும் கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன்வள வாய்ப்பு மண்டலங்களை அறிவிக்கிறது. அன்றைக்குக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்திய அதே ராக்கெட்தான், இன்னொரு நாளைக்கு எந்தத் திசையில் போகலாம் என்று சொல்ல உதவும் கருவியையும் மேலே கொண்டுபோய் வைத்தது.

ஒரே வரி, நீண்ட பட்டியல்

ஏரியின் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுவது பழவேற்காட்டின் தீராத தலைவலி. அதை வானிலிருந்து பார்க்க ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தரையில் 10 மீட்டர் அகலமுள்ள இடம் அதில் ஒரு புள்ளி. படத்தைத் திறந்து அளக்க கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். உபுண்டுவிலோ டெபியனிலோ டெர்மினலைத் திறந்து 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் கியூஜிஐஎஸ்' என்று அடித்தால், முதலில் 'பேக்கேஜ் பட்டியலைப் படிக்கிறேன்', பிறகு 'சார்பு மரத்தைக் கட்டுகிறேன்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வரும். அடுத்த நொடியில் திரை நிறையப் பெயர்கள். நாம் கேட்டது ஒன்று. அது தன் வேலைக்கு நம்பியிருக்கும் ஜிடால், ப்ராஜ், ஜியோஸ் போன்ற நூலகங்களும், அவை நம்பியிருக்கிற வேறு நூலகங்களும் கூடவே வருகின்றன. கடைசியில் எவ்வளவு டவுன்லோடு, வட்டில் எவ்வளவு இடம் என்று சொல்லிவிட்டு 'ஒய்' அல்லது 'என்' என்று கேட்டு நிற்கும். பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது 'ஒய்' என்பதால், வெறும் என்டர் தட்டினாலும் சம்மதம் என்றுதான் கணக்கு.

அதற்கு முன்னால்?

1990களின் தொடக்கம் வரை யூனிக்ஸில் ஒரு மென்பொருளைப் போடுவது என்றால் மூல நிரலை 'டார்' கோப்பாக இறக்கி, 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று மூன்று கட்டம் தாண்டவேண்டும். நடுவில் ஒரு நூலகம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அதைத் தேடிப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும். எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கினாலும், எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்று எழுதி வைக்க யாரும் இல்லை. நீக்குவது அதைவிடப் பாடு.

இரண்டு மாத இடைவெளிக்குள்

இன்றும் உயிரோடு இருக்கும் லினக்ஸ் வழங்கல்களில் மூத்தது ஸ்லாக்வேர். பேட்ரிக் வோல்கெர்டிங் அதை வெளியிட்டது 1993 ஜூலையில். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். இரண்டும் எதிரெதிர் திசையில் போயின. எந்த பேக்கேஜுக்கு எது தேவை என்பதைக் கருவியே கவனிக்கட்டும் என்றது டெபியன். அது உங்கள் பொறுப்பு என்றது ஸ்லாக்வேர். அதன் சொந்தக் கருவிகள் இன்றுவரை சார்புகளைத் தானாகத் தேடித் தருவதில்லை. அப்படி இருப்பதே நல்லது என்று சொல்லும் ரசிகர்களும் அதற்கு உண்டு.

பதினாறு வயதில் ஒன்று

டெபியனில் இரண்டு கருவிகள் வேலை பார்க்கின்றன. கையில் இருக்கும் பேக்கேஜைப் பிரித்து உரிய இடத்தில் வைப்பது டிபிகேஜி. என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு இணையத்திலிருந்து கொண்டுவந்து கொடுப்பது ஏப்ட். ஏப்ட்டின் முதல் வடிவம் வந்தது 1998இல். பதிப்பு 1.0 என்ற பெயர் அதற்குக் கிடைத்ததோ 2014 ஏப்ரல் 1 அன்று. அதுவரை 'ஏப்ட்-கெட்' என்று நீட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள் 'ஏப்ட்' என்று சுருக்கமாக அடிக்கத் தொடங்கியதும், திரையின் அடியில் முன்னேற்றப் பட்டை ஓடுவதைப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான்.

பிரித்தால் மூன்று

டெபியனின் பேக்கேஜ் வருவது டெப் கோப்பாக. அது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 1971இல் வந்த முதல் யூனிக்ஸிலேயே இருந்த 'ஏஆர்' என்ற கருவியால் அதைப் பிரித்துவிடலாம். உள்ளே மூன்றே உருப்படி. ஒன்றில் வடிவத்தின் பதிப்பு எண். இரண்டாவதில் பெயர், பராமரிப்பவர், சார்புகள், நிறுவும்போது ஓடவேண்டிய சிறு நிரல்கள். மூன்றாவதில் வட்டில் போய் உட்காரவேண்டிய கோப்புகள், போகவேண்டிய பாதையோடு.

எல்லாம் ஒரே கோப்பில்

உங்கள் கணினியில் எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்பதை டிபிகேஜி எழுதி வைத்திருப்பது வெறும் உரைக்கோப்பில். 'வார்' கோப்புறைக்குள் 'லிப்', அதற்குள் 'டிபிகேஜி', அதற்குள் 'ஸ்டேட்டஸ்'. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், மாற்றத்தான் கூடாது. ஒரு கோப்பைக் காட்டி 'இது எந்த பேக்கேஜோடு வந்தது?' என்று கேட்க 'டிபிகேஜி', ஒரு இடைவெளி, ஒரு கோடு, பெரிய 'எஸ்'. ஒரு பேக்கேஜைச் சொல்லி 'என்னென்ன கொண்டுவந்தாய்?' என்று கேட்க அதே வரியில் பெரிய 'எல்'.

பாடு முறையும் பூட்டும்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வலை இறக்கினால் ஊர் சும்மா விடாது. டிபிகேஜியும் இப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரலுக்குத்தான் எழுதும் உரிமை. இரண்டாவதாக வருகிறவருக்கு 'பூட்டு கிடைக்கவில்லை' என்ற பிழைச்செய்தி வரும். உபுண்டுவில் பெரும்பாலும் முன்னால் நிற்பது, பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட். இணையத்தில் பலர் 'பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள்' என்று சொல்வார்கள். இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஸ்டேட்டஸ் கோப்பு குழம்பிப்போகும். சில நிமிடம் காத்திருப்பதே மருந்து.

கையொப்பச் சங்கிலி

உலகமெங்கும் உள்ள 'மிரர்' சர்வர்களிலிருந்து பேக்கேஜ் இறங்குகிறது. நடுவில் யாராவது மாற்றிவிட்டால்? டெபியன் வெளியீட்டுக் கோப்பில் கையொப்பம் இருக்கும். அந்தக் கோப்புக்குள் பட்டியல்களின் ஹாஷ் எண், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண், இருக்கும். பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் கோப்பின் ஹாஷ் எண் இருக்கும். ஒரு பைட் மாறினாலும் சங்கிலி அறுந்து ஏப்ட் மறுத்துவிடும். இந்தச் சோதனை 2007இல் வந்த டெபியன் 4.0 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் யாரோ பென்டிரைவில் கொடுத்த டெப் கோப்பை நேரே டிபிகேஜியிடம் கொடுத்தால் இந்தச் சங்கிலிக்கு வேலையே இல்லை. கொடுத்தவரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நெட் இல்லையா? பரவாயில்லை

டவர் சரியாக எட்டாத ஊரில் இருக்கும் கணினியில் மென்பொருள் போட வழி இருக்கிறது. அதன் பெயர் 'ஏப்ட்-ஆஃப்லைன்'. எழுதியவர் இந்தியரான டெபியன் உருவாக்குநர் ரிதேஷ் ராஜ் சராஃப். நெட் இல்லாத கணினியில் 'இது வேண்டும்' என்று சொன்னால், தேவைகளை எழுதி ஒரு சிறு கோப்பாகத் தரும். அதை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பொன்னேரியிலோ சென்னையிலோ நல்ல நெட் உள்ள இடத்துக்குப் போகலாம். அங்கே இருப்பது விண்டோஸ் கணினியானாலும் சரி, பைத்தான் இருந்தால் போதும். இறக்கியதை ஒரே கட்டாகக் கொண்டுவந்து இங்கே கொடுத்தால் வேலை முடிந்தது.

இருபது கணினி, ஒரே டவுன்லோடு

பள்ளிக் கணினி அறையில் இருபது கணினிக்கும் ஒரே அப்டேட் வேண்டும். இருபது முறை இறக்கினால் மாத டேட்டா அன்றைக்கே காலி. ஒரு கணினியில் 'ஏப்ட்-கேஷர்-என்ஜி' போட்டு, மற்றவற்றை அதன் 3142ஆம் போர்ட்டைப் பார்க்கச் சொன்னால் போதும். முதல் கணினி கேட்டபோது இறங்கியது, மற்ற பத்தொன்பதுக்கும் அறைக்குள்ளிருந்தே போகும்.

சென்னையில் சமைத்த லினக்ஸ்

'பாஸ்' என்று பெயர் கொண்ட இந்திய லினக்ஸை உருவாக்கியது சென்னை சி-டாக். 2007இல் முதல் பதிப்பு வந்தது. அடித்தளம் டெபியன் என்பதால் இதிலும் ஏப்ட்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம், பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கியது. தொடக்கத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும்.

எல்காட் எடுத்த வேறு வழி

பாஸ் வந்த அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அரசுக் கணினிகளுக்குச் சூசே லினக்ஸைக் கொண்டுவந்தது. அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர். சூசேவில் டெப் இல்லை, ஆர்பிஎம். ஏப்ட் இல்லை, 'ஜிப்பர்'. ஆக, லினக்ஸ் உலகின் இரண்டு பெரிய பேக்கேஜ் குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தமிழ்நாட்டு அரசு வாசலுக்கு வந்துவிட்டன.

மஞ்சள் நாயின் வாரிசு

ஆர்பிஎம்மை எழுதியவர்கள் ரெட் ஹாட் நிறுவனத்தின் எரிக் ட்ரோனும் மார்க் யூயிங்கும். 1995இல் வெளிவந்தது. தேவையானதைத் தானே தேடி எடுத்துவரும் புத்தி அதற்கு அப்போது இல்லை. ஒன்றைப் போட இன்னொன்று, அதைப் போட வேறொன்று என்று அலைந்தவர்கள் இதற்கு 'ஆர்பிஎம் நரகம்' என்றே பேர் வைத்தார்கள். ஆப்பிளின் பவர்பிசி கணினிகளுக்கான யெல்லோ டாக் லினக்ஸில் இருந்த ஒரு கருவியை எடுத்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் வேலை பார்த்தவர்கள் திருத்தி 'யம்' ஆக்கினார்கள். 2015இல் ஃபெடோரா 22 வந்தபோது அதன் இடத்தை டிஎன்எஃப் பிடித்தது.

கணித வல்லுநர்களுக்கும் சவால்

'இது வேண்டும்', 'இதன் 2ஆம் பதிப்புக்கு மேல் வேண்டும்', 'இவை இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது' என்று ஆயிரக்கணக்கான நிபந்தனைகள். எல்லாவற்றையும் நிறைவேற்றும் ஒரு தேர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது, கணினி அறிவியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று எடோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் நிரூபித்தது. அதனால்தான் 2008இல் ஓப்பன்சூசே 11.0, தர்க்கக் கணக்குகளைத் தீர்க்கும் 'சாட் சால்வர்' ஒன்றையே ஜிப்பருக்குள் வைத்தது. திரையில் 'சார்பு மரம்' என்று வரும் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இவ்வளவு வேலை.

ஆப்பிளுக்கும் வந்தது

யூனிக்ஸ் வழி வந்த ஃபிரீபிஎஸ்டியில் 1994இல் ஜோர்டன் ஹப்பார்ட் 'போர்ட்ஸ்' முறையைத் தொடங்கினார். மூல நிரலை எங்கிருந்து எடுத்து, எப்படித் திருத்தி, எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். அவரே பின்னால் ஆப்பிளுக்குப் போய், இன்று மேக்போர்ட்ஸ் என்று அறியப்படும் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2009இல் மேக்ஸ் ஹவல் எழுதிய ஹோம்புரூ அதையும் முந்திப் பிரபலமானது. கூகுள் பொறியாளர்களில் பலர் தன் மென்பொருளைப் பயன்படுத்தியும், வெள்ளைப்பலகையில் ஒரு மரக் கணக்கைப் போடத் தெரியவில்லை என்று அங்கே வேலை கிடைக்கவில்லை என 2015இல் அவர் ட்விட்டரில் பொங்கியது பெரிய விவாதமானது.

பதினொரு வரிதான்

2016 மார்ச் 22. ஒரு பேக்கேஜ் பெயர் யாருக்கு என்ற தகராறில், ஒரு நிரலாளர் ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து தன்னுடையதை எல்லாம் எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும், 11 வரி நிரல். அது இல்லாமல் பேபெல், ரியாக்ட் போன்ற பெரிய மென்பொருள்களைக் கட்டும் வேலை உலகமெங்கும் நின்றது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப வைத்தது. யாரும் பெயர்கூடக் கேட்டிராத சார்பு ஒன்று எவ்வளவு பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை நொடி காப்பாற்றியது

2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலையற்ற கிளையில் தொலைவிலிருந்து உள்நுழைய ஏன் கூடுதலாக அரை நொடி ஆகிறது என்று தோண்டினார். 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக்கதவு ஒன்று இருந்தது. 2021 முதலே நல்லவர்போல் பங்களித்து நம்பிக்கை பெற்ற 'ஜியா டான்' என்ற பெயர்க்காரர் வைத்தது. கையொப்பம் சரி, ஹாஷ் சரி. கையெழுத்துப் போட்டவர் எதைக் கட்டிக் கொடுத்தார் என்பதுதான் சரியில்லை. டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது போய்ச் சேரும் முன் பிடிபட்டது.

அதே மூலம், அதே பைட்

மூல நிரல் சுத்தம்தான், ஆனால் அதிலிருந்து கட்டிய பேக்கேஜும் சுத்தமா? 1984இலேயே கென் தாம்ப்சன் எழுப்பிய சந்தேகம் இது. மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் தொகுப்பியே திருட்டுத்தனம் செய்தால் மூலத்தைப் படித்துப் பயனில்லை என்று காட்டினார். இதற்கு ஒரு பதிலாக 2013 முதல் டெபியனில் நடக்கிறது 'மறுஉருவாக்கக் கட்டுமானம்' என்ற முயற்சி. ஒரே மூலத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டினாலும் ஒரு பைட்கூட மாறாத கோப்பு வரவேண்டும். கட்டிய தேதியும் நேரமும் கோப்புக்குள் பதிவாவதே இதற்குப் பெரிய இடைஞ்சல்.

பழசுக்குத் திரும்பும் வழி

அப்டேட் போட்டபின் கணினி முரண்டு பிடித்தால்? நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கிய நிக்ஸ் இதற்கு வழி கண்டது. ஒவ்வொரு பதிப்பும் தன் ஹாஷ் எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் இருக்கும். புதியது பழையதை அழிப்பதில்லை. பிடிக்கவில்லையென்றால் ஒரே கட்டளையில் நேற்றைய நிலைக்குப் போகலாம். அந்த நாட்டவரான டச்சுக்காரர்கள்தான் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள் என்பது கூடுதல் செய்தி.

புயலைக் கணக்கிடும் இயந்திரங்கள்

2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்திலும் லினக்ஸ். 2024 செப்டம்பர் 26 அன்று வானிலைக் கணிப்புக்கென்றே புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என இரண்டு இயந்திரங்கள் தொடங்கப்பட்டன. புயல் எச்சரிக்கை பழவேற்காட்டுக் கரைக்கு வந்து சேர்வதற்கு முன் இப்படிப்பட்ட இயந்திரங்களில்தான் கணக்கு ஓடும். நூற்றுக்கணக்கானவர் பகிர்ந்துகொள்ளும் கணினி என்பதால் சாதாரணப் பயனருக்கு நிர்வாகி உரிமை கிடைக்காது. அவரவர் கோப்புறைக்குள் அவரவருக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ள, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த 'ஸ்பேக்' என்ற பேக்கேஜ் மேனேஜரை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

தமிழும் ஒரு பேக்கேஜ்தான்

டெபியனில் 'டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப்' என்ற ஒன்றைப் போட்டால், தமிழில் கணினியைப் பயன்படுத்தத் தேவையானவை கூடவே வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகைக்கு 'ஐபஸ்-எம்17என்', எழுத்துருக்களுக்கு 'லோஹித்' தமிழ். அச்சடித்த தமிழ்ப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்ற 'டெசராக்ட்' கருவியின் தமிழ்ப் பேக்கேஜ். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அச்சடித்த சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய எழுத்தாக வைத்துக்கொள்ள இவ்வளவு போதும். காசு கிடையாது.

நீக்குவதிலும் மூன்று வகை

'ரிமூவ்' என்றால் நிரல் போகும், அமைப்புக் கோப்புகள் தங்கும். 'பர்ஜ்' என்றால் அவையும் போகும். 'ஆட்டோரிமூவ்' என்றால் வேறு ஒன்றுக்காகக் கூட வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவை போகும். வீட்டுக் கோப்புறையில் நீங்கள் சேமித்தவற்றை இவை மூன்றும் தொடுவதில்லை. வட்டில் இடம் பற்றவில்லை என்றால் 'ஏப்ட் கிளீன்' போடுங்கள். இறக்கி வைத்த டெப் கோப்புகள் மட்டும் அழியும், நிறுவியவை அப்படியே இருக்கும்.

ஏப்ட்டுக்குள் ஒரு பசு

'ஏப்ட் மூ' என்று அடித்துப் பாருங்கள். எழுத்துகளால் வரைந்த ஒரு பசு வந்து, இன்று நீங்கள் 'மூ' என்றீர்களா என்று விசாரிக்கும். வேறு எந்தப் பயனும் இல்லை.

பொம்மைகள் பெயரில்

டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயர்தான். தொடக்க காலத் தலைவர் புரூஸ் பெரன்ஸ் பிக்சாரில் வேலை பார்த்ததால் வந்த வழக்கம். எப்போதும் உடையக்கூடிய நிலையற்ற கிளைக்கு, படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவன் சிட் பெயர். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13ஆம் பதிப்பு ட்ரிக்ஸி. அதில் 69,830 பேக்கேஜ்கள். பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்கள் ஆண்டுதோறும் கூடும் டெப்கான்ஃப், முதன்முறையாக இந்தியாவில் நடந்தது 2023 செப்டம்பரில், கொச்சியில்.

போனே டெர்மினல்

இதையெல்லாம் செய்து பார்க்க லேப்டாப் வேண்டும் என்பதில்லை. ஆண்ட்ராய்டு போனில் 'டெர்மக்ஸ்' என்ற இலவசச் செயலி போதும். எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்திலிருந்து எடுங்கள். போனை 'ரூட்' செய்யத் தேவையில்லை. திறந்ததும் கறுப்புத் திரை. 'பிகேஜி அப்டேட்', பிறகு 'பிகேஜி இன்ஸ்டால் பைத்தான்'. உள்ளே வேலை செய்வது ஏப்ட்தான். டெர்மக்ஸ் தன் பேக்கேஜ்களை எல்லாம் தன் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் மற்ற செயலிகளைத் தொடாது. போட்டது பிடிக்கவில்லையா? 'பிகேஜி அன்இன்ஸ்டால்' என்று அடித்துவிட்டு அடுத்ததைப் போட்டுப் பாருங்கள், போனுக்கு ஒன்றும் ஆகாது.